இந்தியா மேசையில் இட்லிக்கு இடம் கேட்பது தப்பா?

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

ஒரு வாசகி கேட்டது, சுருக்கிப் போடுகிறேன்: "மகனின் தொடக்கப் பள்ளியில் மார்ச்சில் இன்டர்நேஷனல் நைட். நாட்டுக்கு ஒரு மேசை. இந்தியா மேசையில் வருஷா வருஷம் சமோசா, மேங்கோ லஸ்ஸி, பாலிவுட் பாட்டு. தமிழ்நாட்டுக்குத் தனி மேசை கேட்கலாமா? கேட்டால் சண்டைக்காரி என்று பெயர் வருமா?"

கேளுங்கள். பெயர் வந்தால் வரட்டும். நானும் நியூ ஜெர்சியில் இதே கூத்தில்தான் இருக்கிறேன். எங்கள் பள்ளியில் மார்ச் 14, வெள்ளிக்கிழமை மாலை 6 முதல் 8 வரை.

போன வருடம் மகள் இரண்டாம் வகுப்பு. வாசலில் கொடுத்த காகிதப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக முத்திரை வாங்கினாள். கொரியா ஆச்சு, பெரு ஆச்சு, இந்தியாவுக்கு வந்தால் மேசைக்குப் பின்னால் நின்ற அம்மணி இந்தியில் ஏதோ கேட்டார். இவள் திருதிருவென்று முழித்தாள். "இந்தி தெரியாதா, அப்போ நீ எந்த நாடு?" என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே கேட்டு, முத்திரையைக் குத்திவிட்டார். அவர் மனசில் ஒன்றும் இல்லை, விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் காரில் பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது: "அப்பா, நாம இந்தியாதானே?"

அதற்காகவே இந்த வருடம் பெயர் கொடுத்துவிட்டேன். மனைவிக்கு அன்றைக்கு மருத்துவமனையில் இரவு ஷிப்ட். சமையலும் நானே, மேசையும் நானே.

பிப்ரவரி 11

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஓர் ஈழத்து அண்ணன் எழுதியிருக்கிறார். "உங்களுக்காவது சண்டை பிடிக்க ஒரு இந்தியா மேசை இருக்கு. நாங்கள் எந்தக் கொடியை வைக்கிறது தம்பி?" அவருடைய பிள்ளைகளின் பள்ளியில் நாடு என்று கேட்ட இடத்தில் "தமிழ்" என்று எழுதிக் கொடுத்து, கொடிக்குப் பதில் குத்துவிளக்கை வைத்தார்களாம். பள்ளியில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனடாவில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2016-லேயே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது. அதற்கும் முன்னாலேயே ஒன்டாரியோவில் சட்டம் வந்துவிட்டது. அங்கே அந்தச் சொல் பழகிப்போயிருக்கிறது.

நாடு கேட்கும் படிவத்தில் மொழியை எழுதலாம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சிங்கப்பூர்க்காரர் ஒருவர்: அங்கே பள்ளிகளில் ஜூலை 21 இன நல்லிணக்க நாள். பிள்ளைகள் வேட்டி, சேலை, பாஜு குருங், சியோங்சாம் என்று உடுத்திக்கொண்டு போவார்கள். 1964-ல் அதே தேதியில் நடந்த கலவரத்தை மறக்காமல் இருக்கத்தான் அந்த நாள். இங்கே அமெரிக்காவில் பள்ளியின் ஜிம், அதாவது உள்விளையாட்டுக் கூடம், எந்த வெள்ளிக்கிழமை காலியாக இருக்கிறதோ அதுதான் நாள். அந்த வசதியே பின்னால் எனக்கு வினையாக வரப்போகிறது என்று அப்போது தெரியாது. (இந்தக் கடைசி வரி மட்டும் மார்ச்சில் சேர்த்தது.)

பிப்ரவரி 20

கேட்டேன். கிடைக்கவில்லை.

ஏற்பாட்டுக் குழு சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது: ஒரு மாநிலத்துக்குக் கொடுத்தால் 28-க்கும் கொடுக்க வேண்டும், ஜிம் தாங்காது. ஆறடி மடக்கு மேசையில் பாதி உங்களுக்கு என்றார்கள். அதாவது மூவடி. மகாபலியிடம் கேட்ட அதே அளவு! நமக்குத்தான் விசுவரூபம் எடுக்கத் தெரியாது.

ஒரு நிபந்தனை: இந்தியா மேசை சைவம் மட்டும். இட்லி, சாம்பார்தானே, தாராளமாக என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23

மூன்று மடிப்பு அட்டையில் "இட்லி: பண்டைத் தமிழர் உணவு" என்று பெரிதாக எழுதிப் படம் போட்டிருந்தேன். டெக்சாஸ்காரர் ஒருவர் "ஆதாரம் என்ன?" என்று கேட்டுவிட்டார். தேடப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இட்லியின் பெயர் தெளிவாகக் கிடைக்கிற பழைய இடம் கன்னடத்தில், கி.பி. 920 வாக்கில் எழுதப்பட்ட வட்டாராதனே என்ற நூலில், 'இட்டலிகெ' என்று. அதுவும் உளுந்துப் பண்டம்தான், அரிசி கிடையாது. உணவு வரலாறு எழுதிய கே. டி. அச்சயா, புளிக்க வைத்து ஆவியில் வேக வைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகித்தார். ஊகம்தான், ஆனாலும் அட்டையில் எழுதுகிற தைரியம் போய்விட்டது.

சரி, சமோசாவையாவது ஒரு பிடி பிடிக்கலாம் என்று பார்த்தால், அது பாரசீகத்து சன்போசாக். 14-ஆம் நூற்றாண்டில் துக்ளக் அரண்மனையில் சாப்பிட்டதை இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். ஆக எழுநூறு வருடமாகக் குடியிருக்கிறவனை வந்தேறி என்று துரத்த, ஊர் தெரியாத இட்லியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். அட்டையில் இப்போது "இட்லி: எங்கள் வீட்டுக் காலை உணவு" என்றுதான் இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது.

மார்ச் 2

ஒவ்வாமைப் படிவம் வந்தது. அமெரிக்கச் சட்டத்தில் முன்பு எட்டு: பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா. 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பது. எங்கள் பள்ளியில் கொட்டை, கடலை, எள் மூன்றுக்கும் தடை; மற்றவற்றைச் சீட்டில் எழுதி வைத்தால் போதும். வேர்க்கடலைச் சட்னி போச்சு, இட்லிப் பொடியும் போச்சு.

தேங்காய்ச் சட்னிக்கு மட்டும் மல்லுக்கு நின்றேன். படிவத்தில் தேங்காயை மரக்கொட்டையில் சேர்த்திருந்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த ஜனவரியில்தான் தேங்காயை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்தச் செய்தியை அச்செடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி நர்ஸைப் பார்க்கப் போனேன். பொறுமையாகப் படித்தார். "தேங்காய் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை இங்கே படிக்கிறது. பட்டியல் மாறினால் அந்தப் பிள்ளையின் உடம்பு மாறுமா?" என்றார். காகிதத்தை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தக்காளிச் சட்னி.

மார்ச் 9

இன்றைக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். தலைவலி. அதைவிடப் பெரிய தலைவலி ஒன்றை நானே இழுத்து வைத்துக்கொண்டேன்.

மகளுடன் படிக்கிற ஒரு பையனின் அப்பா, மேலப்பாளையத்துக்காரர், போன் பண்ணினார். ரமலான் மார்ச் 1-ல் தொடங்கிவிட்டது. 14-ஆம் தேதி நோன்போடுதான் வருவார்கள்; ஏழு மணி வாக்கில் சூரியன் அடையும்போது அங்கேயே நோன்பு திறக்க வேண்டும். "நீங்க தமிழ் மேசை வாங்கியிருக்கீங்களாமே, நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு கொண்டு வந்து வைக்கட்டுமா?" என்றார். ஆஹா வையுங்கள் என்றேன். "கறி போட்டது" என்றார். நான் உடனே, யோசிக்கக்கூட இல்லை, "மேசை சைவம் பாய்" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, பரவால்ல அண்ணே, நாங்க சும்மா வந்துட்டுப் போறோம்."

போனை வைத்தபின் தூக்கம் வரவில்லை. நான் விருதுநகர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி இல்லாமல் விடிந்ததாக நினைவில்லை. எண்ணெய் பரோட்டாவும் சுக்காவும் தின்று வளர்ந்தவன் பள்ளிக்கூட மேசையில் பஞ்சு மாதிரி இட்லியை வைத்துக்கொண்டு "எங்கள் உணவு" என்று நிற்கப் போகிறேன். 2014-ல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். இந்தியா முழுவதையும் எடுத்தாலும், 2021-ல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில் தம்மைச் சைவம் என்று சொன்னவர்கள் 39 விழுக்காடுதான். அப்புறம் யாருடைய மேசை இது? சமோசாக்காரர்கள் எனக்குச் செய்ததாக ஒரு மாதமாக இங்கே புலம்புகிறேனே, அதையே ஒரே வார்த்தையில் அவருக்குச் செய்துவிட்டேன். அவர்களாவது பாதி மேசை கொடுத்தார்கள்.

மார்ச் 10

குழுவில் இந்தியா மேசையைக் கவனிக்கிற அம்மணியைக் கூப்பிட்டேன். போன வருடம் மகளிடம் இந்தியில் பேசினாரே, அவரேதான். சண்டைக்குத் தயாராகத்தான் கூப்பிட்டேன். சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தார். அவர் வங்காளி! "மீன் இல்லாத மேசையை மூன்று வருடமாக நடத்துகிறேன், என் அம்மா கேட்டால் அழுவாள்" என்றார். விதி அவர் போட்டதில்லை; எப்போதோ யாரோ கேட்டார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது. தனிக் கரண்டி, தனிச் சீட்டு, ஓரமாக வையுங்கள் போதும் என்றார். இந்தி அவருக்கும் வீட்டு மொழி இல்லை. அந்த மேசையில் நின்றால் இந்திதான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாராம்.

பாயைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் தேங்காய்ப்பால் கூடாது என்று நான் சொன்னதும்தான் மனிதருக்குக் கோபம் வந்தது. "பால் ஊத்தலன்னா அது என்ன அண்ணே, பத்தியக் கஞ்சியா?"

மார்ச் 13, இரவு

மாவு அடுப்புக்குள் இருக்கிறது. இந்தக் குளிரில் வெளியே வைத்தால் நாளை மறுநாள்கூடப் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைப்பதுதான் இங்கே எல்லார் வீட்டு வித்தையும். கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "உள்ளே மாவு, சூடு போடாதே". மறந்துபோய் பீட்சாவுக்குச் சூடு போட்டு மாவைக் கேக் ஆக்கிய சோகம் வீட்டுக்கு வீடு உண்டு.

ஊரிலிருந்து அம்மா போன். இன்றைக்கு இங்கே ராத்திரி முழுச் சந்திர கிரகணம். இந்தியாவில் அப்போது பகல், அங்கே தெரியாது. ஆனாலும் பேரனுக்குப் பேத்திக்கு எந்த ஊரில் எப்போது கிரகணம் என்று அவளுக்கு அத்துப்படி. "மாவுல தர்ப்பை கிள்ளிப் போட்டியா?" இங்கே எடிசன் ஊர்ப் பக்கம் ராத்திரி பத்து மணிக்குத் தர்ப்பைக்கு எங்கே போவேன். போட்டுவிட்டேன் என்றேன்.

ஒத்திகைக்கு மட்டும் நேற்றைய மாவில் ஓர் ஈடு ஊற்றிப் பார்த்தேன். குட்டி இட்லித் தட்டு, தட்டுக்கு 18 குழி, நான்கு தட்டு, ஓர் ஈட்டுக்கு 72. நாளைக்கு நான்கு ஈடு. நன்றாக வந்தது. தட்டைக் கழுவும்போது விரலில் அந்த வழவழப்பை முகர்ந்தேன். நல்லெண்ணெய்! கை தானாகப் போய் எடுத்திருக்கிறது. நல்லெண்ணெய் என்றால் எள். "எள் இல்லை" என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, ஒவ்வொரு குழியிலும் எள்ளைத் தடவி வைத்திருக்கிறேன். ஒத்திகை பார்க்காமல் இருந்திருந்தால்? தட்டுகளைச் சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தேன், துணியைத் தூக்கிப் போட்டேன், நல்லெண்ணெய்ப் புட்டியை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். நாளைக்கு சூரியகாந்தி எண்ணெய்.

மார்ச் 15

உயிரோடு இருக்கிறேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் குற்ற ஒப்புதல். 6.40-க்கு ஜிம்மில் பாதி இருட்டானது என்னால். சும்மா இட்லி மட்டும் வைத்தால் எடுபடாது, கண் முன்னால் குட்டித் தோசை ஊற்றினால் கூட்டம் கூடும் என்று இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அது 1800 வாட். இங்கே மின்சாரம் 120 வோல்ட். வகுத்துப் பாருங்கள், 15 ஆம்பியர்; சுவரில் அந்த ஒரு இணைப்பு தாங்குவதே அவ்வளவுதான். அதே கம்பியில் பிலிப்பைன்ஸ்காரர்களின் சோற்றுக் குக்கர், கொரியாக்காரர்களின் சூடு தட்டு, இந்தியா மேசையின் இரண்டு கிராக்பாட் (மெதுவாக வேக வைக்கும் மின்சாரப் பாத்திரம்). முதல் தோசையைத் திருப்பினேன், டப். மொத்த வரிசையும் என்னையே பார்த்தது. பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கஸ்டோடியன் சாவிக்கொத்தோடு வந்து, ஒன்றும் சொல்லாமல், என் அடுப்பின் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகும் எங்கள் வரிசைக்கு மின்சாரம் வர அரை மணி ஆனது.

அதற்குள் எங்கள் பக்கம் எல்லாம் ஆறிப்போனது. சாம்பார் ஆறினால் அதன் கதை உங்களுக்கே தெரியும். இட்லியை ஒரு பையன் தொட்டுப் பார்த்து மார்ஷ்மெல்லோவா என்று கேட்டான். ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம்.

அந்த வரிசையில் ஆவி பறந்தது ஒரே ஒரு பாத்திரத்தில். பாயின் எவர்சில்வர் தூக்கு, சுற்றிலும் குளியல் துண்டு. மனிதர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் சின்னக் காகிதக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, மேலே புதினா. தேங்காய்ப்பால் இல்லாத குறையை ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் விளக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், எதிரே இருப்பவர் அதை முதல் தடவையாகச் சாப்பிடுகிறார் என்பதைப் பற்றிக் கவலையே படாமல். ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் கழித்து அவர் போன் அடித்தது. பாகிஸ்தான் மேசையிலிருந்து ஒரு பாட்டி பேரீச்சம்பழத் தட்டோடு நேராக இங்கே வந்தார். பாதி வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் மேசைக்குப் பின்னால் நின்றபடியே நோன்பு திறந்தார்கள். பாட்டி கஞ்சியை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். அட்டையில் அதற்குப் பெயர்கூட எழுதவில்லை நான்.

எத்தியோப்பியா மேசையில் இஞ்செரா. டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, ஒரே பக்கம் வேக விட்டு எடுப்பது. மேலெல்லாம் பொத்தல் பொத்தலாக. மகள் என்னைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்: "அப்பா, எவ்ளோ பெரிய ஆப்பம்!" புளிப்பும் கிட்டத்தட்ட அதே. அந்த மேசையில் நின்றவரிடம் மாவுப் பக்குவம் பேசி ஒரு கால் மணி நேரம் போனது. அவரும் ஓவனுக்குள் விளக்குத்தான் போடுகிறாராம்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்திரை அவள் பொறுப்பு. பார்த்தால், எங்கள் மூவடிக்கு முன்னால் வரிசை நகரவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் தமிழில் "உன் பேர் என்ன?" என்று கேட்கிறாள், பதில் சொன்னால்தான் குத்துவாளாம். ஒரு குஜராத்திப் பையன் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு முழித்தான். எனக்கு அந்த முழி நன்றாகத் தெரியும். போய் அவள் காதில் சொன்னேன். "போன வருஷம் எனக்கு மட்டும்?" என்றாள். பதில் இல்லை என்னிடம். அவளே கொஞ்ச நேரம் யோசித்து, அவனுக்கு இரண்டு முத்திரை குத்திக் கொடுத்தாள்.

இட்லி 288-இல் மிச்சம் 90. வெளியே வைத்து இரண்டு மணி நேரம் தாண்டிய உணவைக் கொட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பொது விதி. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், நான் கொட்டவில்லை, இன்று காலை இட்லி உப்புமா.

மார்ச் 16

திருத்தம். சாம்பாரில் "கோதுமை இல்லை" என்று சீட்டு வைத்திருந்தேன் என்று ஒரு படத்தில் பார்த்துவிட்டு ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "பெருங்காயம் எது?" ஓடிப்போய் டப்பாவைத் திருப்பினேன். மைதா. கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவும் கருவேலம் பிசினும்தான் கலந்திருக்கிறது. நல்லெண்ணெயைப் பிடித்த பெருமையில் இருந்தேன். நர்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அடுத்த முறை டப்பாவையே கொண்டு வந்து காட்டுங்கள் என்று பதில்.

மார்ச் 23

ஓர் ஆசிரியர் நீளமாக எழுதியிருக்கிறார், இதெல்லாம் மேலோட்டம் என்று. ஜேம்ஸ் பேங்க்ஸ் என்ற கல்வியாளர் பல்பண்பாட்டுக் கல்வியை நான்கு படிகளாகப் பிரித்தார். பண்டிகை, சாப்பாடு, மாமனிதர் எல்லாம் அடிப்படி, பாடத்திட்டமே மாறுவது மூன்றாம் படி, பிள்ளைகளே சமூகப் பிரச்சினைகளில் செயலில் இறங்குவது உச்சிப்படி. சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடிப்படியில் ஏறுவதற்கே எனக்கு ஒரு மாதமும் ஒரு பிரேக்கரும் ஆயிற்று. மேல்படிக்கு வேறு யாராவது தலைமை ஏற்கட்டும்.

ஏப்ரல் 5

முதலில் கேள்வி கேட்ட வாசகி வந்து சொல்லியிருக்கிறார்: அவருக்குத் தனி மேசை கிடைத்ததாம்! தமிழ் என்றே எழுதி வைத்தாராம், ஸ்கார்பரோ அண்ணன் யோசனைப்படி. அதில் ஒரு கோயம்புத்தூர்க்காரர், "இது எங்கள் ஊர்ச் சாம்பார் இல்லையே, கொங்குநாட்டுக்கு இடம் உண்டா?" என்றாராம்.

அளவு கேட்டவருக்கு: இட்லி அரிசி நான்கு பங்கு, முழு உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ஊற வைப்பதும் அரைப்பதும் உங்கள் கிரைண்டரின் குணத்தைப் பொறுத்தது.

அப்புறம், பாயின் தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் தூக்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. பெருநாளும் போன ஞாயிறோடு போய்விட்டது. எண்ணெய் பரோட்டா போட்டுக் கொடுக்கலாம் என்று நேற்று மைதா பிசைந்து பார்த்தேன், மாவு வந்துவிட்டது, வீசத்தான் தெரியவில்லை, இரண்டு உருண்டை சுவரில் போய் ஒட்டியது. நியூ ஜெர்சிப் பக்கம் பரோட்டா வீசத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி.